மகனோடு எரிமலை நாட்டுக்கு: பினாங்கிலிருந்து தோபா வரை

கேள்வி இது. பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு தாய், பத்து வயது மகனை மட்டும் கூட்டிக்கொண்டு பள்ளி விடுமுறையில் எரிமலை பார்க்கப் போக வேண்டும். காரில் சுற்ற வேண்டும், ஐந்தாறு நாள்தான் கையில் இருக்கிறது. ஐஸ்லாந்து, ஹவாய் எல்லாம் செலவுக்கு எட்டாது. பக்கத்தில் எங்கே போகலாம், எந்த வரிசையில் போகலாம், சிறு பிள்ளையோடு போனால் ஆபத்து எவ்வளவு?

வட சுமாத்ராவுக்குப் போங்கள். பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட முழுதாக ஆகாது. இறங்கி ஒரே சுற்றில் மூன்று வகை எரிமலையைப் பார்த்துவிடலாம்: புகைந்துகொண்டிருக்கும் சிபாயாக், 2010-இல் விழித்துக்கொண்ட சினாபுங், பூமியிலேயே மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று விட்டுச்சென்ற பள்ளமான தோபா. அங்கேயும் வண்டி இடப்பக்கம்தான் ஓடும். நம்முடைய மலாய் பேச்சை வைத்தே காரியம் நடக்கும்.

வரிசைதான் முக்கியம். பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்கள் விமான நிலையத்திலிருந்து நேரே டோல் சாலையில் பாராபாட்டுக்குக் கொண்டுபோய் ஏரிக்கரையில் இறக்கிவிடும். அப்படிப் போனால் பையன் ஒரு பெரிய ஏரியைப் பார்ப்பான், குளிப்பான், திரும்பி வருவான். அது எரிமலை என்று அவனுக்குத் தோன்றவே தோன்றாது. தோபா அவ்வளவு பெரியது. நீளம் ஏறக்குறைய 100 கி.மீ., அகலம் 30 கி.மீ. நீர்ப்பரப்பு மட்டும் 1,100 சதுர கி.மீ.க்கு மேல். செபராங் பிறையையும் சேர்த்து மொத்தப் பினாங்கு மாநிலத்தையும் அதற்குள் போட்டால் மூழ்கிவிடும். கூம்பு வடிவ மலையை எதிர்பார்க்கும் கண்ணுக்கு அங்கே எதுவும் பிடிபடாது. ஆகவே சிறியதிலிருந்து பெரியதுக்குப் போக வேண்டும்: முதலில் வீட்டு மேசையில் ஒரு சோதனை, பிறகு பேராக்கின் லெங்கோங்கில் சாம்பல், பிறகு சிபாயாக்கின் புகை, கடைசியாகத் தோபா.

மேசைச் சோதனையைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் செய்யுங்கள். முப்பது செ.மீ. அகலமுள்ள, கொஞ்சம் ஆழமான பிளாஸ்டிக் பேசின் ஒன்று, மீன் தொட்டிக்குப் போடும் காற்றுக்குழாய் அரை மீட்டர், ஒரு பலூன், மைதா மாவு 4 கிலோ, மைலோ தூள் ஒரு கைப்பிடி. பேசினின் பக்கச் சுவரில் அடியை ஒட்டி ஒரு துளை போட்டுக் குழாயை நுழையுங்கள். உள்முனையில் பலூனை ரப்பர் வளையத்தால் இறுக்கக் கட்டுங்கள். வெளிமுனையில் ஊதி, பலூன் ஓர் ஆரஞ்சுப் பழ அளவு வந்ததும் குழாயை மடித்துக் கிளிப் போடுங்கள். பலூனுக்கு மேல் மூன்று செ.மீ. கனத்துக்கு மாவைப் போட்டுச் சமப்படுத்தி, அதற்கு மேல் மைலோவை மெல்லிசாகத் தூவுங்கள். இப்போது கிளிப்பை மெதுவாகத் திறந்தால் காற்று இறங்கும், மேற்பரப்பு உள்ளே விழும், பள்ளத்தைச் சுற்றி வட்டமாக வெடிப்பு விடும். பழுப்பு மைலோவுக்கு நடுவே வெள்ளை மாவு தெரிவதால் வெடிப்புகள் தெளிவாகத் தெரியும். தோபாவில் நடந்தது இதுதான். அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியேறிவிட்டது, கூரைக்குத் தாங்கல் இல்லாமல் போய் அது இடிந்து விழுந்தது. அதோடு நிறுத்தாமல் குழாயில் இன்னும் கொஞ்சம் ஊதச் சொல்லுங்கள். பள்ளத்தின் நடுவில் ஒரு மேடு எழும். அதுதான் தோபா ஏரிக்குள் இருக்கும் சாமோசிர் தீவு. வெடிப்புக்குப் பிறகு கீழே மறுபடி அழுத்தம் ஏறி, ஏரியின் தரையையே குறைந்தது 450 மீட்டர் மேலே தள்ளியிருக்கிறது.

இந்தச் சோதனை கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. மாவு ஈரமாக இருந்தால் கட்டியாக நின்றுவிடும், இடியாது. மேல்கனம் ஐந்தாறு செ.மீ. ஆகிவிட்டால் வெறும் சரிவுதான் வரும், வட்ட வெடிப்பு வராது. பலூனை அதிகம் ஊதினால் மாவோடு வெடித்து வீடு முழுக்கத் தூள் பறக்கும். அடுப்பு எரியும் சமையலறையில் செய்யவே வேண்டாம், பறக்கும் மாவு தீப்பிடிக்கும்.

அடுத்தது லெங்கோங். விமானம் ஏறும் முன்னால் வரும் ஒரு சனிக்கிழமையில் பேராக் போய்விட்டு வாருங்கள். பாலிங், கிரிக் வழியாகவும் போகலாம், வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் கோலகங்சார் இறங்கியும் போகலாம். லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கோத்தா தம்பானில் கற்கருவி செய்யும் பட்டறை ஒன்றை ஆய்வாளர்கள் தோண்டி எடுத்தார்கள். அந்தப் பட்டறை எரிமலைச் சாம்பலோடு சேர்ந்து கிடந்தது. அந்தச் சாம்பல் தோபாவிலிருந்து வந்தது. நேர்க்கோட்டில் 350 கி.மீ.க்கு மேல் தூரம். ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முந்திய அந்த வெடிப்பில் 2,800 கன கி.மீ. அளவு பாறைக்குழம்பு வெளியே வந்ததாகக் கணக்கிடுகிறார்கள். சாம்பல் வங்காள விரிகுடாவைத் தாண்டி இந்தியாவிலும் படிந்தது. ஆந்திராவின் ஜுவாலாபுரத்தில் அந்தப் படிவை இன்றும் காண்கிறார்கள். நம்முடைய தீபகற்பத்தில் சுற்றுலாப் பயணி பார்க்கிற மாதிரி எரிமலை ஏதும் இல்லையென்றாலும், எரிமலை நம் ஊர் வரைக்கும் வந்துபோயிருக்கிறது என்பதைப் பையன் இங்கேயே தெரிந்துகொள்வான். போகும்போது ஒரு சின்னப் புட்டியில் வினிகர் எடுத்துப் போங்கள். லெங்கோங்கைச் சுற்றியுள்ள குன்றுகள் சுண்ணாம்புப் பாறை. வழியில் உதிர்ந்து கிடக்கும் துண்டில் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். எரிமலைச் சாம்பல் நுரைக்காது. குகைச் சுவரிலோ தோண்டிய இடத்திலோ இதைச் செய்யக் கூடாது.

காகித வேலை அதிகமில்லை, ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மலேசியக் கடப்பிதழுக்கு இந்தோனேசியாவில் 30 நாள் வரை விசா தேவையில்லை. கடப்பிதழ் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். ‘ஆல் இந்தோனேசியா’ என்ற இணையப் படிவத்தைப் புறப்படுவதற்கு முந்திய இரண்டு நாளுக்குள் நிரப்பி, வரும் குறியீட்டைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளின் கடப்பிதழில் பெயருக்குப் பின்னால் இருப்பது அப்பாவின் பெயர். தாய் மட்டும் கூட்டிப்போகும்போது இரண்டு கடப்பிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் உறவு தெரியாது. அதனால் பிறப்புச் சான்றிதழின் நகலையும், அப்பா கையெழுத்திட்ட ஒரு சம்மதக் கடிதத்தையும் கையில் வைத்திருங்கள். அதிகாரிகள் கேட்காமலும் இருக்கலாம். கேட்டால் கவுண்டரில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் அல்லவா. பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுத்த அன்றே எடுங்கள். சாம்பல் கிளம்பி விமானம் ரத்து என்று செய்தி வந்த பிறகு எடுக்கும் காப்பீடு அந்த வெடிப்புக்குப் பொருந்தாது.

கார் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: நீங்களே ஓட்ட வேண்டாம். மலேசிய வாகனமோட்டி உரிமம் 1985-ஆம் ஆண்டின் ஆசியான் உடன்பாட்டின்படி அங்கே செல்லும், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் சிபாயாக் பக்கத்து மலையூரான பெராஸ்தாகிக்கு ஏறும் சாலை இரண்டே தடம், லாரியும் பஸ்ஸும் வளைவிலேயே முந்தும், எதிரே வருபவன் விளக்கடித்தால் ‘நான் வருகிறேன், நீ ஒதுங்கு’ என்று அர்த்தம். பின்னால் பையனுக்கு வாந்தி வந்தால் நிறுத்த இடமும் இருக்காது. ஓட்டுநரோடு வாடகைக்கு எடுக்கும் அவான்சா, இன்னோவா வண்டிகள் அங்கே சாதாரணமாகக் கிடைக்கும். பேசும்போது நான்கு விஷயத்தைத் தெளிவாகக் கேளுங்கள். எரிபொருள், டோல், கப்பல் கட்டணம், ஓட்டுநரின் தங்கும் செலவு, இவை வாடகைக்குள்ளா வெளியிலா? இவற்றைச் சொல்லாமல் விட்டால்தான் கடைசி நாளில் வாக்குவாதம் வரும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். நம் நாட்டில் 2020 முதல் பிள்ளைகளுக்குக் கார் இருக்கை சட்டமாகிவிட்டது. அங்கே வாடகை வண்டியில் யாரும் அதை வைத்திருப்பதில்லை. பத்து வயதுப் பையன் 136 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், முதுகுச்சாய்வு இல்லாத பூஸ்டர் ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். எடை இரண்டு கிலோகூட இருக்காது. அதற்குத் தோள்பட்டையும் இடுப்புப்பட்டையும் சேர்ந்த பெல்ட் வேண்டும். நடு இருக்கையில் பெரும்பாலும் இடுப்புப்பட்டை மட்டும்தான் இருக்கும், ஆகவே இரண்டாம் வரிசையில் இடது ஜன்னலோரம் உட்கார வையுங்கள். வாடகை வண்டிகளில் இருக்கை உறையைப் போட்டு பெல்ட் கொக்கியை உள்ளே புதைத்துவிடுவது வழக்கம். வண்டி கிளம்பிய பிறகு தேட வேண்டாம். பெட்டி ஏற்றும் முன்னரே கையை விட்டுக் கொக்கியை வெளியே எடுத்து, கிளிக் என்று பூட்டுகிறதா என்று பாருங்கள். பூட்டாவிட்டால் வேறு வண்டி கேளுங்கள்.

சாலையில் கிலோமீட்டரை நம்பாதீர்கள், மணிக்கணக்கை நம்புங்கள். மேடானிலிருந்து பெராஸ்தாகி 66 கி.மீ.தான், ஆனால் இரண்டரை மணி நேரம் ஆகும். குவாலா நாமு விமான நிலையத்திலிருந்து மூன்று, மூன்றரை. வார இறுதியில் மேடான் நகரமே மலைக்கு ஏறும். சனிக்கிழமை மேலே போகும் சாலையும், ஞாயிறு மாலை கீழே இறங்கும் சாலையும் சிபோலாங்கிட் பக்கம் நின்றுவிடும். ஆகவே திங்கள் அல்லது செவ்வாய் காலை போய் இறங்குவது நல்லது. அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. காலை எட்டரைக்குப் பினாங்கில் கிளம்பினால் அவர்கள் நேரப்படி எட்டரைக்கே இறங்கிவிடுவீர்கள், பகல் வெளிச்சத்திலேயே மலை ஏறி முடியும். மழைக்காலத்தில் இது வசதிக்காக மட்டும் இல்லை, உயிருக்கே முக்கியம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை கனமாகப் பெய்யும். 2024 நவம்பரில் இதே மேடான்–பெராஸ்தாகி சாலையில் மண் சரிந்து வண்டிகள் புதைந்து பலர் இறந்தார்கள். ஆண்டிறுதி விடுமுறையில்தான் போக முடியும் என்றால், முந்திய இரண்டு நாள் விடாத மழை பெய்திருந்தால் அன்றைக்கு மலைச்சாலையைத் தவிர்த்து மேடானில் தங்கிவிடுங்கள். அந்த நாள் வீணாகாது. ஜாலான் சைனுல் அரிஃபினில் 1880-களில் தோட்டத் தொழிலுக்கு வந்த தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. மேடானைச் சுற்றிய டெலி வட்டாரப் புகையிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். அந்தப் புகையிலை செழித்ததற்கும் எரிமலை மண்தான் காரணம்.

வளைவுகளில் வயிற்றைப் புரட்டும் பிள்ளைக்குக் கிளம்ப அரை மணி நேரம் முன்னால் டைமென்ஹைட்ரினேட் கொடுக்கலாம். அந்திமோ என்ற பெயரில் அங்கே விற்பதும் அதே மருந்துதான். எடைக்கேற்ற அளவை இங்கேயே மருந்தகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தூக்கம் வரும், அது பரவாயில்லை. வண்டிக்குள் கைப்பேசி பார்க்க விடாதீர்கள். பால், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். வெறும் ரொட்டி, இஞ்சி மிட்டாய் போதும்.

பெராஸ்தாகி 1,300 மீட்டருக்கு மேலே. கடல் மட்டத்தில் வாங்கிய கெரோப்போக் பாக்கெட் அங்கே போனதும் உப்பி நிற்கும். வெளியே காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிட்டதுதான் காரணம். ஊரிலிருந்தே ஒன்றை மூடியபடி எடுத்துப் போய்க் காட்டுங்கள். அன்று மாலை குண்டாலிங் குன்றுக்குப் போனால் ஒரு பக்கம் சிபாயாக், மறுபக்கம் சினாபுங் இரண்டும் தெரியும், மேகம் விட்டால். சந்தையில் பழக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அந்த மலைநாட்டின் காரோ மக்களில் செம்பிரிங் குலத்தாருக்குச் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா என்று உட்பிரிவுகள் உண்டு. பழைய தென்னிந்திய வணிகர் தொடர்பை ஆய்வாளர்கள் அதில் காண்கிறார்கள்.

சினாபுங்கைத் தூரத்திலிருந்து மட்டும் பாருங்கள். பல நூறு ஆண்டு உறக்கத்துக்குப் பிறகு 2010 ஆகஸ்டில் வெடித்தது, 2013-இலிருந்து ஆண்டுக்கணக்கில் அடங்கவில்லை. 2014 பிப்ரவரி 1-ஆம் தேதி, தடை செய்த வளையத்துக்குள் ஊரைப் பார்க்கப் போனவர்கள், மாணவர்கள் உட்பட, சரிந்து வந்த சூடான சாம்பல் முகிலில் இறந்தார்கள். சிமாசெம், பெக்கெரா போன்ற கிராமங்களை நிரந்தரமாகவே காலி செய்து சியோசாரில் குடியேற்றினார்கள். கைவிட்ட ஊர்களைக் காட்டுகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். அது இன்னொருவர் இழந்த வீடு. சினாபுங்கின் அடிவாரத்து ஆற்றுப் பாலங்களில் மழை நேரத்தில் படம் எடுக்க நிறுத்தவும் கூடாது. மேலே தேங்கிய சாம்பலும் பாறையும் மழை நீரோடு சேர்ந்து, கீழே ஒரு துளி மழைகூட இல்லாதபோதே பெருக்கெடுத்து வரும்.

நிலைமையை எப்படித் தெரிந்துகொள்வது? இந்தோனேசிய அரசின் எரிமலை ஆய்வு மையம், பி.வி.எம்.பி.ஜி., ஒவ்வொரு மலைக்கும் கீழிருந்து மேலாக நான்கு நிலை வைத்திருக்கிறது: நோர்மல், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ். ‘மாக்மா இந்தோனேசியா’ தளத்தில் தினமும் அறிக்கை வரும். நிலையை மட்டும் பார்க்காதீர்கள், அதற்குக் கீழே எத்தனை கி.மீ.க்குள் போகக் கூடாது என்ற வரியைப் படியுங்கள். 2023 டிசம்பர் 3-ஆம் தேதி மேற்கு சுமாத்ராவின் மாராப்பி வெடித்து 20-க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தபோது அந்த மலை இரண்டாம் நிலையான வாஸ்பாடாவில்தான் இருந்தது. எரிமலையின் வாயிலிருந்து மூன்று கி.மீ.க்குள் போகாதீர்கள் என்ற வரியும் அறிக்கையில் இருந்தது. வாஸ்பாடா என்றால் பையனோடு ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

சிபாயாக் நோர்மல் நிலையில் இருந்தால் ஏறலாம். ஏறக்குறைய 2,200 மீட்டர். 1881-க்குப் பிறகு வெடித்ததாகப் பதிவில்லை, ஆனால் புகை நிற்கவில்லை. வண்டி போகும் கடைசி இடத்திலிருந்து பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு மணி நேர நடை. படிகள் உடைந்தும் சரிந்தும் இருக்கும், உள்ளூர் வழிகாட்டி அவசியம். விடிகாலை ஐந்துக்கு நடக்க ஆரம்பித்தால் ஆறரைக்குள் மேலே இருக்கலாம். ஒன்பதரைக்கு மேல் பெரும்பாலும் மேகம் மூடிவிடும். விடியலில் பத்து டிகிரி வரை குளிரும். ஒரே தடித்த ஜாக்கெட்டைவிட இரண்டு மெல்லிய உடுப்பும் மழைக்கோட்டும் நல்லது. ஒவ்வொருவருக்கும் தனித் தலைவிளக்கு வேண்டும், கைப்பேசி விளக்கு போதாது. ஏறிய வழியிலேயே இறங்குங்கள். மூங்கில் காட்டு வழியாக வெந்நீர் ஊற்றுக்கு இறங்கும் பாதை குறுக்குவழி போலத் தெரியும். மேகத்தில் ஆட்கள் வழி தவறியது அந்தப் பக்கம்தான்.

மேலே போனால் வாயு. இதைத்தான் பெற்றோர் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கந்தக டை ஆக்சைடு கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், ஆஸ்துமா இருப்பவருக்கு மிகக் குறைந்த அளவே மூச்சை அடைக்கும். பையனுக்கு ஆஸ்துமா இருந்தால் வாய்ப்பகுதிக்கே கூட்டிப்போக வேண்டாம், குண்டாலிங்கிலிருந்து பார்த்தால் போதும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் திடீரென்று நின்றால் வாயு போய்விட்டது என்று எண்ணக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு நிறமும் மணமும் இல்லாதது. மூன்றும் காற்றைவிடக் கனமானவை, பள்ளத்தில் தேங்கும். உங்கள் மூக்கு இருக்கும் உயரம் வேறு, பையனின் மூக்கு இருக்கும் உயரம் வேறு. அவன் குனிந்து கல் பொறுக்கும்போது இன்னும் கீழே போகிறது. காற்றே அடிக்காத காலையில் வாயின் தரைக்கு இறங்காதீர்கள். எப்போதும் காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். தலைவலி, இருமல், கண்ணீர் என்று ஒன்று வந்தாலும் உடனே காற்று வரும் திசை நோக்கி மேலே ஏறுங்கள். என்95 முகக்கவசம் சாம்பலைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அதைப் போட்டுக்கொண்டு நெருங்கிப் போவது வீண் தைரியம். புகை வரும் துளையைச் சுற்றிப் படிந்திருக்கும் மஞ்சள் கந்தகப் படிகங்கள் பிள்ளையின் கையை இழுக்கும். அதன் கீழ் மண் வெந்து மெலிந்திருக்கும், மிதித்தால் கால் உள்ளே போகும். மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது என்று ஏறும் முன்னரே பேசி வையுங்கள்.

இறங்கி வந்து சிடெபுக்-டெபுக் வெந்நீர்க் குளங்களில் கால் வலி தீரலாம். முதலில் உங்கள் கையை விட்டுச் சூடு பாருங்கள், பையனைக் குதிக்க விடாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் குடிக்க வேண்டும். தலையை முக்கக் கூடாது. மெட்டி, கொலுசு, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் விடுதியிலேயே கழற்றி வையுங்கள், கந்தக நீரில் கறுத்துவிடும். கறுத்தாலும் கெட்டுப்போகவில்லை. ஒரு கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொதிநீரும் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவும் ஊற்றி, வெள்ளி தாளைத் தொடும்படி போடுங்கள். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விடும், சில நிமிடத்தில் மீண்டும் பளிச்சிடும். கல் பதித்த நகையை மட்டும் இப்படிச் செய்யாதீர்கள்.

மூன்றாம் நாள்தான் தோபாவுக்குக் கிளம்ப வேண்டும். கபான்ஜாஹே, மெரெக் தாண்டித் தோங்கிங் பக்கம் போனால் சிபிசோ-பிசோ நீர்வீழ்ச்சி, ஏறக்குறைய 120 மீட்டர். அங்கே நின்று பலூன் பேசினை நினைவுபடுத்துங்கள். தண்ணீர் விழுகிற அந்தச் சுவர்தான் பேசினில் பார்த்த வட்ட வெடிப்பின் விளிம்பு. நீங்கள் நிற்பது விளிம்பின் மேல், கீழே தெரியும் ஏரி விழுந்த கூரையின் மேல். ஏரியின் நீர்மட்டமே கடலுக்கு மேல் 905 மீட்டர், நம் பினாங்கு மலை உச்சியைவிட உயரம். அடிவாரம் வரை இறங்கும் படிகள் பல நூறு, திரும்பி ஏற முக்கால் மணி நேரம் பிடிக்கும். பாதி வரை இறங்கினாலே காட்சி கிடைத்துவிடும், மீதிச் சக்தியைச் சிமார்ஜாருன்ஜுங் மேட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஏரியின் நீளவாக்கு தெரியும். வழியில் சாலை வெட்டிய இடங்களில் வெளிறிய சாம்பல்கற் பாறை இருக்கும். பாதுகாப்பாக ஒதுங்க இடமிருந்தால் பத்து மடங்கு உருப்பெருக்கியால் பாருங்கள்: கண்ணாடிபோல் தெளிந்தவை குவார்ட்ஸ், கறுப்பாகத் தகடு தகடாக மினுங்குபவை பயோடைட். இங்கே வெடித்தது ஒரு முறை மட்டும் இல்லை. ஏறக்குறைய 12 லட்சம், 8 லட்சம், 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னும் பெரிய வெடிப்புகள் நடந்திருக்கின்றன. 74,000 ஆண்டுக் கதை அவற்றில் கடைசியும் பெரியதும். இந்த நாள் பயணம் பெராஸ்தாகியிலிருந்து பாராபாட் வரை நான்கு மணி நேர ஓட்டம், நிறுத்தங்களோடு முழு நாள்.

சாமோசிருக்கு, பாராபாட்டை ஒட்டிய அஜிபாதாவிலிருந்து அம்பாரிதாவுக்கும் தோமோக்குக்கும் கார் ஏற்றும் கப்பல் போகிறது. பாராபாட்டின் திகராஜா துறையிலிருந்து துக்துக்குக்கு ஆள் மட்டும் ஏற்றும் படகு. காலைப் படகைப் பிடியுங்கள், பிற்பகலில் காற்று எழும்பி அலை வரும். 2018 ஜூனில் சிமானின்டோவிலிருந்து திகாராஸ் போன சினார் பாங்குன் படகு அளவுக்கு மீறி ஆளை ஏற்றியதில் மூழ்கி, 160-க்கும் மேற்பட்டவர்கள் ஏரியோடு போனார்கள். ஏரி ஆழமான இடத்தில் 500 மீட்டர், அவர்களைத் தேடி எடுக்கவே முடியவில்லை. கூட்டம் பிதுங்கும் படகில் ஏறாதீர்கள், அடுத்ததற்குக் காத்திருங்கள். மிதவை ஜாக்கெட் படகில் இருந்தாலும் பெரியவர் அளவில்தான் இருக்கும், பையனின் தோளிலிருந்து நழுவிவிடும். அவனுடைய அளவில் ஒன்றைப் பினாங்கிலேயே வாங்கிப்போங்கள். கரையில் குளிக்கும்போதும் அதையே போடட்டும். இது இடிந்த பள்ளத்தின் ஓரம் என்பதால் இரண்டடி தள்ளிப் போனால் காலுக்குத் தரை இல்லாமல் போகும் இடங்கள் உண்டு.

சாமோசிர் பினாங்குத் தீவைப்போல் இரண்டு மடங்கு. ஒரு நாளில் அவசரமாகச் சுற்றுவதைவிட துக்துக்கில் இரண்டு இரவு தங்குவது நல்லது. தோமோக்கின் பழைய கல் சமாதிகள், அம்பாரிதாவின் கல் இருக்கைகள், பாங்குருரான் பக்கம் பூசுக் புஹிட் மலையடி வெந்நீர் ஊற்று ஆகியவை பார்க்க வேண்டியவை. உள்பக்கச் சாலை ஓரங்களில் ஏரி அடியில் படிந்த சேறு அடுக்கடுக்காக, தண்ணீருக்குப் பல நூறு மீட்டர் மேலே நிற்பதைக் காணலாம். கரை மணலை ஒரு வெள்ளைத் தட்டில் கழுவி, பிளாஸ்டிக் பைக்குள் வைத்த காந்தத்தை மேலே நகர்த்தினால் கறுப்புத் துகள்கள் ஒட்டும். அது மேக்னடைட். பைக்குள் வைக்காவிட்டால் காந்தத்தைச் சுத்தம் செய்யவே முடியாது. ஞாயிறு காலை எல்லாரும் தேவாலயத்தில் இருப்பார்கள், கடை திறக்காது. முந்தின இரவே ரொட்டி, பழம் வாங்கி வையுங்கள்.

சாப்பாட்டில் காரோ, பாத்தாக் கடைகளில் பன்றி இறைச்சி சாதாரணம். சைவம் சாப்பிடுபவர்கள் ‘தன்பா டாகிங்’ என்று மட்டும் சொன்னால் போதாது, ‘தன்பா தெராசி, தன்பா ஈக்கான்’ என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் காடோ-காடோ குழம்பிலும் பெலாச்சான் வந்துவிடும். தெம்பே, தாஹு, கீரை எங்கும் கிடைக்கும். நம் வங்கி ஆப் மூலம் கியூரிஸ் என்ற அவர்களின் கட்டணக் குறியீட்டை ஸ்கேன் செய்து கட்டலாம், ஆனால் கிராமத்துப் பார்க்கிங்குக்கு 5,000, 10,000 ரூப்பியா சில்லறை வேண்டும்.

கல்லையும் மண்ணையும் கொண்டுவராதீர்கள். தோபா 2020 முதல் யுனெஸ்கோ ஜியோபார்க். அனுமதி இல்லாமல் மண் கொண்டுவருவதை நம் நாட்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் விதியும் தடுக்கிறது. காலணி அடியை விடுதியிலேயே பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். மிதக்கும் கல்லை வீட்டில் காட்ட வேண்டுமென்றால் பாதம் தேய்க்கும் நுரைக்கல் நம்மூர்க் கடையிலேயே இருக்கிறது. செயற்கைக் கல் இல்லாமல் இயற்கையானதாகக் கேட்டு வாங்குங்கள்.

திரும்பும்போது பாராபாட், பெமாதாங்சியாந்தார், தெபிங் திங்கி வழி. தெபிங் திங்கியிலிருந்து குவாலா நாமு வரை டோல் சாலை. டோலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், நம் டச் என் கோவும் செல்லாது. ஓட்டுநரின் மின்பண அட்டையில் பணம் இருக்கிறதா என்று முந்தின இரவே கேளுங்கள். பாராபாட்டிலிருந்து நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமானம் பிற்பகல் மூன்றுக்கு முன்னால் என்றால் கடைசி இரவைத் தீவில் வைக்காமல் பாராபாட்டில் தங்குங்கள். கிறிஸ்துமஸ், நோன்புப் பெருநாள் வாரங்களில் அஜிபாதாவில் கார் வரிசை மணிக்கணக்கில் நிற்கும். அந்த நேரத்தில் மாட்டிக்கொண்டால் கப்பலை விட்டுவிட்டு, பாங்குருரான் பாலம் தாண்டித் தெலே, சிடிகாலாங், மெரெக் வழியாக வெளியே வரலாம். தூரம் அதிகம், தெலே ஏற்றம் செங்குத்தானது, பகலில் மட்டும் போக வேண்டிய சாலை. அந்த நாளில் விமானத்தை வைக்காதீர்கள்.